சும்மா படித்த பாஷை

அவள் பெயரை எழுதப் போவதில்லை. மரியாதைக்காக என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் பெயரைச் சொல்ல வேண்டிய ஒரு இடத்தில் அவள் சொல்லாமல் இருந்தாள். சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். பதிலுக்கு இப்போது நான் அவள் பெயரைச் சொல்லாமல் இருக்கிறேன். என் யோக்கியதைக்கு இவ்வளவுதான் முடியும்.

மரக்காணத்தில் எனக்கு ஒரு செல்போன் கடை. இப்போது கேமரா மாட்டுவது, வைஃபை போடுவது என்று வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ரீசார்ஜும் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பதும்தான் பிழைப்பு. உப்பளத்துப் பெண்கள் காலை வேலையை முடித்துவிட்டு பதினோரு மணி வாக்கில் கடைப் பக்கம் வருவார்கள். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் கட்டிய துணி, முழங்கால் வரைக்கும் காய்ந்துபோன உப்பு. கடைக்குள் ஏற மாட்டார்கள். வெளியிலேயே நின்று போனை நீட்டுவார்கள்.

அவளும் அப்படி வந்தவள்தான். அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். ஒன்பதாவது வரைக்கும் படித்திருந்தாள். புருஷன் உப்பு லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். ஒரு பெண் குழந்தை. மாமியாரும் கூடவே. பார்த்தால் கூட்டத்தில் ஒருத்தி, அவ்வளவுதான்.

ஆரம்பித்து வைத்தது என் அவசரப் புத்தி. புதுச்சேரிக்குப் பக்கத்தில் பெரிய முதலியார்சாவடியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை பார்த்த ஒருத்தர், பிரெஞ்சுப் பாடத்தைத் தன் போனில் போட்டுத் தரச் சொல்லி ஒரு பென் டிரைவ் கொடுத்திருந்தார். அதில் பிரெஞ்சு மட்டும் இல்லை, இன்னும் ஏழெட்டு பாஷைகள் கிடந்தன. அவள் பழைய பாட்டு கேட்டிருந்தாள். நான் யாரிடமோ பேசிக்கொண்டே கைக்கு வந்த ஃபோல்டரை இழுத்து அவள் கார்டில் போட்டுவிட்டேன்.

நாலு நாள் கழித்து வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து முந்திக்கொண்டேன்.

"மாத்திப் போட்டுட்டேம்மா. குடு, பாட்டு ஏத்தித் தர்றேன்."

"பாட்டு வேணாண்ணா. இதுல பன்னண்டு பாடம்தான் இருக்குது. மிச்சம் இருக்குதா?"

நான் அவளை ஏற இறங்கப் பார்த்தேன். அவள் விளையாடவில்லை.

"எந்த ஊரு பாஷைண்ணா இது?"

கம்ப்யூட்டரில் பார்த்து பின்லாந்து என்று சொன்னேன். எங்கே இருக்கிறது என்றாள். மேப்பைத் திறந்து காட்டினேன். வருஷத்தில் பாதி நாள் ஐஸ் என்றேன். வெளியில் நின்றபடியே எட்டித் திரையைப் பார்த்தாள்.

"அப்ப அங்க உப்பு காயாது" என்றாள்.

மிச்சப் பாடங்களையும் ஏற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் வேலை. வேலை என்று சொன்னால் தப்பு. வேலை என்பது உப்பளத்தில் இருந்தது. விடிகிற நேரத்தில் பாத்தியில் இறங்கி, நீளக் கழி போட்ட பலகையால் உப்பை இழுத்து வரப்போரமாகக் குவிக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் வெள்ளையில் கண் கூசும், காலில் வெடித்த இடமெல்லாம் எரியும். அதற்கு நடுவில் தலைத்துணிக்குள் ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு இதைக் கேட்டாள்.

பாடத்தில் அர்த்தம் இங்கிலீஷில் வரும். புரியாத இங்கிலீஷ் வார்த்தைகளைத் தமிழில் எழுதிக்கொண்டு வருவாள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் பத்துப் பதினைந்து இருக்கும். நான் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்வேன். பத்து நிமிஷ வேலை. எனக்கும் அது பிடித்திருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். நாள் முழுக்க உடைந்த டிஸ்பிளேயைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு, ஒருத்தி வந்து "ஜன்னலுக்கு அப்பால்னா இன்னாண்ணா?" என்று கேட்டால் நன்றாகத்தானே இருக்கும்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"எதுக்கும்மா இது? அந்த ஊருக்குப் போகப் போறியா?"

"நான் எங்கண்ணா போறேன்? திண்டிவனம் போறதுக்கே எங்க மாமியாரைக் கேக்கணும்."

"அப்புறம் எதுக்கு?"

"சும்மாதாண்ணா. நல்லா இருக்குது."

இந்தச் சும்மாதான் எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் பக்கத்தில் பாஷை படிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கும். புதுச்சேரிக்குப் போய் பிரெஞ்சு படித்தால் கெஸ்ட் ஹவுஸில் வேலை, அதிர்ஷ்டம் அடித்தால் விசா. இந்தி படித்தால் வடக்கத்தி மேஸ்திரியிடம் பேசலாம். நானும் நல்லது செய்கிற நினைப்பில், "பிரெஞ்சு படியேன், நானே வேலைக்குச் சொல்லி விடுறேன்" என்று ஒரு பாடம் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு இயர்போனைக் கழற்றினாள்.

"இது மூக்காலயே பேசுதுண்ணா. எனக்கு வேணாம்."

"வேலை கிடைக்கும்மா."

"வேலைதான் இருக்குதே."

அந்தச் சமையல்காரர் மூன்றாவது பாடத்தோடு பிரெஞ்சை விட்டுவிட்டார். இவள் நாற்பதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு தடவை கடை வாசலில் நின்று, கண்ணெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்: "ண்ணா, அவங்களும் நம்மள மாதிரியே வார்த்தைக்குப் பின்னாடி ஒட்டுறாங்க. வீட்டுல, வீட்டுக்கு, வீட்டுலேர்ந்து. அப்படியே ஒட்டிக்கினே போறாங்க." புதையல் எடுத்த மாதிரி சொன்னாள். எனக்கு அதில் என்ன பெருமை என்று விளங்கவில்லை. ஆனால் அந்த முகம் இப்போதும் நினைவில் இருக்கிறது. பிற்பாடு அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை.

உப்பளத்தில் அவள் வேலை செய்வதை ஒரு தடவை பார்த்தேன். மேஸ்திரியின் போனைக் கொடுக்கப் போயிருந்தேன். தூரத்துப் பாத்தியில் தனியாகப் பலகை இழுத்துக்கொண்டிருந்தாள். கிட்டே போனால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு எண்ணாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். யுக்ஸி, கக்ஸி, கொல்மே, நெல்யா, வீஸி.

"வலி தெரியாம இருக்கவா?" என்று கேட்டேன்.

"வலி எப்படிண்ணா தெரியாம இருக்கும்? வலி வலிதான். இது வேற."

பாடத்தில் ஒரு இடம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். ரயிலடியில் ஒரு கிழவனும் ஒரு பெண்ணும் பேசிக்கொள்வார்கள். கிழவனுக்குக் கட்டைக் குரல். ரயில் போய்விட்டது என்று தெரிந்ததும் ஹோ ஹோ என்று சிரிப்பான். அவள் ரெண்டு குரலையும் அப்படியே பேசுவாள். கிழவனுக்குக் கழுத்தைத் தாழ்த்தி நெஞ்சிலிருந்து எடுப்பாள், அந்தச் சிரிப்பு உட்பட. கடை வாசலில் செய்து காட்டியபோது எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீ கூத்துல ஆடலாம்மா" என்றேன்.

அந்தக் கட்டைக் குரல்தான் அவளைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சாவு விழுந்தது.

அந்த வருஷம் உப்பளத்துக்கு ஒரிசாவிலிருந்து மூன்று ஆட்களைக் கூட்டி வந்திருந்தார்கள். மோட்டார் கொட்டகையிலேயே சமைத்துத் தின்றுவிட்டு அங்கேயே படுத்துக்கொள்வார்கள். யாருக்கும் அவர்கள் பேச்சு புரியாது. அவர்களுக்கும் நம்முடையது புரியாது. கையைக் காட்டித்தான் வேலை வாங்கினார்கள். அதில் ஒருத்தன், இருபது வயதுகூட இருக்காது, உப்புத் தண்ணீர் இறைக்கிற மோட்டாரில் கரண்ட் அடித்துச் செத்துப்போனான். வயரில் தோல் உரிந்து கிடந்தது எல்லாருக்கும் தெரியும். அவன் ரெண்டு நாளாக வயரைக் காட்டிக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தானாம். பாஷை புரியாததால் யாரும் காதில் வாங்கவில்லை. அடக்கம் அவசர அவசரமாக நடந்தது. கூட வந்த ரெண்டு பேரையும் மறுநாளே ரயில் ஏற்றிவிட்டார்கள். ஊரில் அவன் வீட்டுக்குத் தகவல் போனதா, போகவில்லையா என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவனைக் கை காட்டினார்கள்.

அதற்கப்புறம் அந்த மோட்டார் கொட்டகைப் பக்கம் போகப் பெண்கள் பயந்தார்கள். ஆம்பளைகளும்தான், வெளியே சொல்லவில்லை. அவளுக்கு மட்டும் பயம் இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாத இடம், வாய்விட்டுப் பேசலாம் என்று கொட்டகையை ஒட்டிய பாத்தியையே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

விடியற்காலையில் பலகை எடுக்கப் போன ரெண்டு பெண்கள் கொட்டகைப் பக்கம் ஒரு ஆம்பளைக் குரலைக் கேட்டார்கள். எட்டிப் பார்த்தால் இவள் தனியாக நின்றுகொண்டு, ஒரு தடவை பொம்பளைக் குரலிலும் ஒரு தடவை கட்டைக் குரலிலுமாகப் புரியாத பாஷையில் பேசுகிறாள். பேசிவிட்டு ஹோ ஹோ என்று சிரிக்கிறாள்.

பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டார்கள். பத்து மணிக்குள் உப்பளம் முழுக்க ஒரே பேச்சு. ஒரிசாக்காரன் இவள் மேல் ஏறிவிட்டான். அவன் பாஷையிலேயே பேசுகிறான். அவன் பாஷை எப்படி இருக்கும் என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. அதனால்தான் அத்தனை பேருக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. அது அந்தப் பாஷை இல்லை என்று சொல்லக்கூடிய ரெண்டு பேரை ரயில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. மிச்சம் இருந்தது நான் ஒருத்தன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் புருஷனும் அவன் தம்பியும் கடைக்கு வந்தார்கள். புருஷன் அவள் போனை நீட்டினான்.

"ண்ணா, இதுல இன்னா இருக்குதுன்னு பாத்துச் சொல்லு. எனக்குப் பேயும் இல்ல பிசாசும் இல்ல, அது பாடம்ன்றா. ஏதோ வெளிநாட்டுப் பாஷையாம். போன்ல இருக்குது, கடையில குடுத்துப் போட்டுப் பாருங்கன்றா."

"யாரு ஏத்திக் குடுத்தாங்களாம்?" என்று கேட்டேன்.

"அதுக்கு மட்டும் வாயத் திறக்க மாட்டேங்குறா. தானா வந்துச்சாம்."

தம்பிக்காரன் கவுண்டரில் கையை ஊன்றி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாரத்துக்கு ரெண்டு தபா அண்ணி இந்தக் கடையாண்ட நிக்குதாமே. ரீசார்ஜ் பண்ணவா ரெண்டு தபா?"

எனக்குக் கை வியர்த்தது. வீட்டில் பெண்டாட்டி ஏழு மாசம். எதிர் வரிசையில் டீக்கடை, பக்கத்தில் பூக்கடை, எல்லாரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணமான பெண்ணுக்கு ஒருத்தன் மாசக்கணக்கில் ரகசியமாக என்னவோ ஏற்றிக் கொடுத்தான் என்று ஒரு வார்த்தை கிளம்பினால் போதும், அதற்கு மேல் நான் பின்லாந்து என்று சொன்னால் எவன் கேட்பான்? இதெல்லாம் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டது. உள்ளதைச் சொன்னால், நான் ஒரு தொடைநடுங்கி. அவ்வளவுதான் விஷயம்.

கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டேன். திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். பாடங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. அதற்குக் கீழே போனின் வாய்ஸ் ரெக்கார்டரில் அவள் பதிவு செய்த ஆறு ஃபைல். மொத்தத்தையும் என் கம்ப்யூட்டருக்கு மாற்றி, கார்டில் இல்லாமல் செய்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு ரெண்டு சினிமாப் பாட்டைப் போட்டு ஒன்றை ஓடவிட்டேன்.

"பாட்டுதாம்ப்பா இருக்குது. வேற ஒண்ணும் இல்ல."

புருஷன் முகம் தொங்கிப்போனது. பாடமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வந்திருப்பான் போலிருக்கிறது. கெட்டவன் இல்லை அவன்.

"இன்னொரு தபா நல்லாப் பாருண்ணா" என்றான்.

"பாத்துட்டேன்ப்பா. பாட்டுதான்."

வெள்ளிக்கிழமை அவளைப் பெருமுக்கல் தாண்டி ஒரு பூசாரியிடம் கூட்டிப்போனார்கள். புருஷன் என்னையும் கூப்பிட்டான். "நீ நாலு எழுத்து படிச்சவன், கூட வாண்ணா" என்றான். மாட்டேன் என்று சொல்லவும் எனக்குத் துணிச்சல் இல்லை. குட்டியானை லோடு வண்டியில் பின்னால் நின்றுகொண்டே போனேன். அவளை நடுவில் உட்கார வைத்து ரெண்டு பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியில் என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. நான் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வருகிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

ஒரு புளியமரத்தடி. உடுக்கை அடித்தார்கள். தலைமுடியை அவிழ்த்துவிட்டு மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள். பூசாரி வேப்பிலைக் கொத்தை ஓங்கிக்கொண்டு கேட்டார்.

"யாரு நீ?"

அவள் தன் பெயரைச் சொன்னாள். எந்த ஊர் என்றார். மரக்காணம் என்றாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சாமி. அது பாடம். போன்ல இருக்குது."

பூசாரி புருஷனைப் பார்த்தார். அவன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "போன்ல பாட்டுதான் இருக்குது சாமி. கடைக்காரரே போட்டுப் பாத்துச் சொல்லிட்டாரு. தோ நிக்குறாரு."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அவளும் திரும்பினாள். அதுவரைக்கும் அவளுக்கு அது தெரியாது.

"ஏம்பா, நீ பாத்தியா?" என்றார் பூசாரி.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ரெண்டு அடி எனக்கு விழுந்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

"பாத்தேன் சாமி" என்றேன். என் செருப்பைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

அதன் பிறகு வேப்பிலையோடு பிரம்பும் வந்தது. யாரு நீ, யாரு நீ என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் தன் பெயரையே சொன்னாள். "ஒத்துக்க மாட்டேங்குது, முரட்டுப் பயல்" என்றார் பூசாரி. எவ்வளவு நேரம் நடந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் குழந்தை எங்கோ பின்னால் அழுதுகொண்டிருந்தது. என் பெயரை அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இவர்தான் ஏற்றிக் கொடுத்தார் என்று ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும், கூட்டம் மொத்தமும் என் பக்கம் பாய்ந்திருக்கும். அவளை விட்டிருப்பார்கள்.

கடைசியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"ஒரிசா."

கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. உடுக்கை நின்றது.

"இன்னா வேணும் உனக்கு?" என்றார் பூசாரி. சேவலோ சாராயமோ பீடிக்கட்டோ கேட்பான் என்று எல்லாவற்றையும் தயாராக வாங்கி வைத்திருந்தார்கள்.

அவள் தலையைத் தூக்கி அந்தச் சேவலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எங்க அம்மாவுக்குச் சொன்னீங்களா?"

தமிழில்தான் சொன்னாள். ஒரிசாக்காரனுக்குத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மேஸ்திரி அங்கேதான் நின்றார், அவர் முகம் வெளிறிப்போனது.

"சொல்லிடறோம்" என்றார் பூசாரி. "நீ மலையேறு."

"எப்ப சொல்வீங்க?"

பூசாரி திரும்பிக்கொண்டார். உடுக்கையை ஓங்கி அடிக்கச் சொன்னார். அவள் உச்சி முடியைக் கொத்தாக அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்து இறக்கினார்கள். முடிந்தது என்றார்கள். வரும்போது வண்டியில் அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

குணமாகிவிட்டது என்று ஊர் ஒத்துக்கொண்டது. அதற்கப்புறம் அவள் வாயிலிருந்து புரியாத வார்த்தை எதுவும் வரவில்லை. புரிகிற வார்த்தையும் அவ்வளவாக வரவில்லை. காலண்டர் தாள் எல்லாவற்றையும் மாமியார் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒரிசாவில் அந்த அம்மாவுக்கு யாரும் எதுவும் சொன்ன மாதிரித் தெரியவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

அஞ்சாறு மாசம் கழித்துப் புருஷன் நம்பருக்கு ரீசார்ஜ் பண்ண வந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. நான் ஆரம்பித்தேன்.

"அம்மா, அன்னிக்கு நான்..."

"பேலன்ஸ் வந்துடுச்சாண்ணா?" என்றாள்.

வந்துவிட்டது என்றேன். போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அவள் பாடங்களையும் பதிவுகளையும் 'பழைய பில்' என்று ஒரு ஃபோல்டருக்குள் போட்டு வைத்தேன். கம்ப்யூட்டர் மாறியது, போன் மாறியது, அது மட்டும் கூடவே வந்தது. அந்த ஆறு பதிவையும் ஒரு நாளும் நான் திறந்து கேட்கவில்லை. அழிக்கவும் கை வரவில்லை.

மூன்று மாசத்துக்கு முன்னால் பெரிய முதலியார்சாவடியில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்குக் கேமரா மாட்டப் போயிருந்தேன். வாசலில் ஒரு வெள்ளைக்கார அம்மா, அறுபது வயது இருக்கும், காய்ந்த துணிகளை எண்ணி எண்ணி மடித்துக்கொண்டிருந்தார். யுக்ஸி, கக்ஸி, கொல்மே. நான் ஏணியில் நின்றேன். கையிலிருந்த கேமராவை மாட்டாமலே இறங்கினேன்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஒன்று கேட்க முடியுமா என்று கேட்டு போனை எடுத்து அந்த ஆறு பதிவையும் போட்டேன். அந்த அம்மா மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். முதல் நாலும் பாடப் புத்தகத்தில் வருகிற மாதிரி இருக்கின்றன என்றார். ரயிலடிக் கிழவன் வந்ததும் சிரித்துவிட்டார். எங்கள் ஊர்க் கிழவர்கள் இப்படியேதான் சிரிப்பார்கள் என்றார். மிச்ச ரெண்டும் பாடம் இல்லை, அவளாக வாக்கியம் கட்டிப் பேசுகிறாள் என்று சொல்லி ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொன்னார்.

சூரியன் வந்தது. தண்ணீர் போனது. உப்பு வந்தது. என் மகளுக்கு ஆறு வயது. என் கணவருக்கு இந்தப் பாஷை தெரியாது. மாமியாருக்கும் தெரியாது. நான் படிப்பது யாருக்கும் தெரியாது. கடையில் ஒரு அண்ணன் இருக்கிறார். அவருக்குத் தெரியும்.

அந்த அம்மா கடைசி வாக்கியத்தை எனக்குப் புரியவில்லையோ என்று ரெண்டாம் தடவையும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

"யார் இந்தப் பெண்? எந்த யுனிவர்சிட்டி? எனக்கு அவளோடு பேச வேண்டும்" என்றார். இன்னும் பத்து நாள் இங்கேதான் இருப்பேன் என்றார்.

மறுநாள் காலை உப்பளத்துக்குப் போனேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு நல்ல காரியம் செய்யப் போகிற நினைப்பு. அவள் அதே கொட்டகைப் பக்கத்துப் பாத்தியில்தான் இருந்தாள். முன்தலையில் நரை. கண்ணைச் சுருக்கித்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். வெள்ளையைப் பார்த்துப் பார்த்து இவர்களுக்குக் கண் சீக்கிரம் போய்விடுகிறது. வரப்பில் நின்றே சொன்னேன். பின்லாந்து அம்மா வந்திருக்கிறார், உன்னோடு பேச வேண்டும் என்கிறார், நானே வண்டியில் கூட்டிப்போகிறேன், உன் புருஷனிடமும் நானே பேசுகிறேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் பலகையை நிறுத்தவில்லை.

"எனக்கு எந்தப் பாஷையும் தெரியாதுண்ணா."

"உன் குரலை அவங்க கேட்டாங்கம்மா. என்கிட்ட இருக்குது."

பலகை நின்றது.

"போடுங்க" என்றாள்.

போட்டேன். சூரியன் வந்தது என்கிற அந்தப் பதிவு. ஒரு கையைப் பலகைக் கழியில் வைத்துக்கொண்டு குனிந்து கேட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த வீட்டுப் பெண் பேசுவதைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"நல்லாத்தான் பேசியிருக்கா" என்றாள்.

பிறகு சொன்னாள்: "அழிச்சிடுங்கண்ணா."

"அந்த அம்மாவை ஒரே ஒரு தடவை..."

"அழிச்சிடுங்க. நான் பாக்குறேன்."

தூரத்து உப்பு அம்பாரத்துப் பக்கமிருந்து நாலைந்து பெண்கள் கூடையோடு வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு மறுபடியும் கை வியர்த்தது. ஏழெட்டு வருஷம் ஆகியும் அந்த வியர்வை மட்டும் மாறவில்லை. ஆறையும் தேர்ந்தெடுத்து, நிச்சயமாகவா என்று போன் கேட்டதற்கும் ஆமாம் என்று அழுத்தினேன். அவள் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"கம்ப்யூட்டர்ல?"

"அதுலயும் அழிச்சிடறேம்மா."

தலையை அசைத்துவிட்டுப் பலகையை எடுத்தாள். ரெண்டு இழுப்பு இழுத்தாள். வாய் அசையவில்லை. நான் இன்னும் போகாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, வருகிற பெண்களைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"கொட்டகைக்குப் பின்னாடி வரப்பு போகுதுண்ணா. அந்தப் பக்கமாப் போயிடுங்க. இவங்க பாத்தா உங்களைத்தான் ஏதாவது பேசுவாங்க."

நான் அந்த வரப்பிலேயே போய்விட்டேன்.